அடுத்த வளைவில் என்ன இருக்கிறது? திகில், த்ரில்லர், பேய்க்கதை: ஓர் எளிய அறிமுகம்

அக்கா மகள் கல்லூரி விடுமுறைக்குச் சேலம் அம்மாபேட்டை வீட்டுக்கு வந்தால், இரவு பத்து மணிக்கு மேல் ஒரு பேய்ப் படம் ஓடியே ஆக வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு, தட்டுவடை செட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவாள். தட்டுவடை செட் வாங்கிய கையோடு தின்ன வேண்டிய பண்டம். அவளோ பேய் வரும் வரை காத்திருந்து, அது நமுத்துப்போன பிறகுதான் கை வைப்பாள். போன முறை ஒரு படம் முடிந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இது பேய்ப் படமே இல்ல மாமா, த்ரில்லர். ஏமாத்திட்டாங்க" என்றாள்.

"ரெண்டுக்கும் என்ன கண்ணு வித்தியாசம்?"

"பேய் இருந்தா பேய்ப் படம். இல்லேன்னா த்ரில்லர்."

இந்தப் பதில் தப்பில்லை, ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. பேயே வராமல் முதுகைச் சில்லிட வைக்கும் படங்கள் உண்டு. வரிசையாகப் பேய்கள் வந்தும் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் படங்கள் அதைவிட அதிகம். எது பயமுறுத்துகிறது என்று கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். எப்படிப் பயமுறுத்துகிறது என்று கேட்டால் வேறொன்று கிடைக்கும். இரண்டாவது கேள்விதான் எனக்குச் சுவையானது. மறுநாள் ஏற்காடு போவதாக ஏற்கெனவே திட்டம் இருந்ததால், மிச்சப் பேச்சைப் பஸ்ஸுக்கு ஒத்திவைத்தோம்.

எதைக் கண்டு பயம்?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவு நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய படநிறுவனம். உள்ளே ஸ்டுடியோ இல்லை, வளைவு மட்டும் மிச்சம். துப்பறியும் படங்களில் அவர்களுக்குத் தனி ருசி இருந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை வைத்து 1950-ல் எடுத்த 'திகம்பர சாமியார்' படத்தில் எம்.என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடமாக மாறி மாறி வருவார். பிற்காலத்தில் வில்லன் என்றாலே நினைவுக்கு வந்த மனிதர், அதில் குற்றத்தைக் கண்டுபிடிக்கிறவர். 1966-ல் 'வல்லவன் ஒருவன்' வந்தபோது ஜெய்சங்கர் துப்பாக்கியோடு ஓடினார். பேய்க்கு அங்கே வேலை இல்லை. பயம் முழுக்க மனிதர்களிடமிருந்து வந்தது.

பயம் எங்கிருந்தெல்லாம் வரும் என்று நம்மவர்கள் எப்போதோ கணக்கெடுத்து வைத்துவிட்டார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்கிறது. அவற்றில் ஒன்று அச்சம். அது பிறக்கும் இடங்கள் நான்கு: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே."

பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது மதிப்பெண்ணைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இப்போது பார்த்தால் வீடியோ கடை அலமாரியில் ஒட்டிய சீட்டுகள் மாதிரி இருக்கின்றன. அணங்கு என்றால் பேய், பூதம், தெய்வம் என்று மனிதனை மீறி வருத்தும் எதுவும். அமானுஷ்யக் கதைகள் அந்தத் தட்டில் போகும். விலங்கு என்றால் சுறா, முதலை, ராட்சசப் பாம்புப் படங்கள். கள்வர் என்பது மாடர்ன் தியேட்டர்ஸ் தட்டு: கொலை, கொள்ளை, கடத்தல், தொடர் கொலைகாரன்.

நான்காவது 'இறை'. அரசன், தலைவன், நம்மைக் காக்க வேண்டியவன். இன்றைக்கு 'டார்க் த்ரில்லர்' என்று எதைச் சொல்கிறோமோ, அதன் விதை இந்தச் சொல்லில் இருப்பதாக எனக்குப் படுகிறது. டார்க் என்றால் படம் முழுக்க இருட்டில் எடுத்திருப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இருட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரிதான், விஷயம் வேறு. வழக்கமான துப்பறியும் கதையில் ஊர் ஒழுங்காக இருக்கும், குற்றம் வந்து அதைக் கலைக்கும், துப்பறிகிறவர் மறுபடி அடுக்கி வைப்பார், நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போவோம். டார்க் கதையில் அடுக்கி வைக்க ஆளே இல்லை. காவலுக்கு நின்றவனே திருடன். அல்லது கொலைகாரனைத் துரத்துகிறவன் துரத்தித் துரத்தி அவனைப் போலவே ஆகிவிடுகிறான். புகார் கொடுக்கப் போகும் இடத்தைக் கண்டே பயம் என்றால், அப்புறம் எங்கே போய்ச் சொல்வது?

இந்த நான்கும் ஒரே படத்தில் கலக்கலாம். கலக்கத்தான் செய்கின்றன. நம் பேய்ப் படங்களில் பாதிக்கு மேல் இடைவேளைக்குப் பிறகு ஒரு முன்கதை வரும். அதில் பேய் உயிரோடு, நல்லவளாக இருப்பாள். நிலத்துக்காகவோ நகைக்காகவோ யாரோ கொன்றிருப்பார்கள். அணங்குக் கதை என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனால் அது கள்வர் கதை. நம் ஊர்ப் பேய் பெரும்பாலும் வழக்கு நிலுவையில் உள்ள வாதி.

எப்படிப் பயம்?

அடிவாரம் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. மேலே போய்ச் சேர 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. அக்கா மகளுக்கு மலைப்பாதை என்றாலே வயிற்றைப் புரட்டும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி பலகைகளை எண்ணிக்கொண்டு வந்தாள்.

"எண்ணாம கண்ண மூடிக்கிட்டு வந்தா தேவலாம் இல்ல?" என்றேன்.

"எத்தன பாக்கின்னு தெரியுது மாமா. அதான் இன்னும் மோசமா இருக்கு."

இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைத்திருக்காது. எது பயமுறுத்துகிறது என்ற கேள்விக்கு நான்கு பதில். எப்படி என்ற கேள்விக்கு என் கையில் இருப்பது ஒரே ஒரு உரைகல்: இந்த நேரத்தில் யாருக்கு என்ன தெரியும்?

எளிதானதை முதலில் முடித்துவிடலாம். ஐந்தாவது வளைவோ ஆறாவதோ, பஸ் மெதுவாகத் திரும்பும்போது ஒரு குரங்கு ஜன்னல் கம்பியில் தொற்றி உள்ளே கைவிட்டது. முன் சீட்டில் இருந்தவர் அலறியேவிட்டார். இது திடுக்கிடல். யாருக்கும் எதுவும் தெரியாது, சட்டென்று நடக்கிறது. அமைதியான காட்சி, அப்புறம் கண்ணாடியில் ஒரு முகம், கூடவே காதைக் கிழிக்கும் சத்தம். இதற்குக் கதை தேவையில்லை. பலத்த சத்தத்துக்கு உடம்பு துள்ளுவது மூளை யோசிப்பதற்கு முன்பே நடந்துவிடும் அனிச்சைச் செயல், கைக்குழந்தைக்கும் உண்டு. பின்னால் வந்து காகிதப் பையை ஊதி வெடிக்கிறவனும் இதைத்தான் செய்கிறான். நான் இதை மட்டமாகச் சொல்லவில்லை. கூட்டத்தோடு தியேட்டரில் துள்ளிவிட்டுச் சிரிப்பது தனிச் சுகம். ஆனால் ஒரு படத்தில் எல்லாமே இதுதான் என்றால் ஒலியைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். பேய் ஒப்பனை போட்ட ஆள் ஆகிவிடும்.

அடுத்தது அக்கா மகள் பலகைகளை எண்ணிய நிலை. இதற்கு சஸ்பென்ஸ் என்ற சொல்லையே எல்லோரும் புழங்குகிறோம். பதைப்பு என்றால் எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. 'யார் கொலைகாரன் என்று சொல்லாதே, சஸ்பென்ஸ் போய்விடும்' என்பது நாம் அடிக்கடி சொல்லும் வாக்கியம். அங்கே போவது மர்மம். பதைப்புக்கு நேர் எதிரான ஒன்று வேண்டும். நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நீண்ட உரையாடல் நடத்தினார். பிறகு அது புத்தகமாகவும் வந்தது. அதில் அவர் சொன்ன மேஜைக்கடி வெடிகுண்டு உதாரணம் சினிமா படிக்கிறவர்கள் எல்லோரும் கேட்டது. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், குண்டு வெடிக்கிறது. பார்க்கிறவருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி. அதே குண்டை வைப்பதை முதலில் காட்டிவிட்டு, கடிகாரத்தையும் காட்டிவிட்டு, அதே வெட்டிப் பேச்சைத் தொடர விட்டால் பதினைந்து நிமிடப் பதைப்பு. பேச்சு எவ்வளவு சாதாரணமோ அவ்வளவு நல்லது. வீணை எஸ். பாலசந்தர் 1964-ல் எடுத்த 'பொம்மை' முழுப் படமுமே இந்த அச்சில் சுழல்வதுதான். குண்டு வைத்த பொம்மை ஒன்று கைமாறிக் கைமாறி ஊர் சுற்றும். வாங்குகிறவர்களுக்கு அது பொம்மை. நமக்கு மட்டும் குண்டு.

ஆனால் இதைக் கற்றுக்கொள்ள ஹிட்ச்காக் வரை போக வேண்டியதில்லை என்று பத்தாவது வளைவுக்குப் பக்கத்தில் அவளுக்கு நீலி கதையைச் சொன்னேன். 'நீலிக் கண்ணீர்' என்று தினமும் சொல்கிறோம், கதையைச் சொல்வோர் குறைந்துவிட்டார்கள். பல வடிவங்கள் உண்டு. நான் கேட்டது இது. ஒரு வணிகன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகிறாள். திருவாலங்காட்டுக்கு அருகே பழையனூருக்கு அவன் வரும்போது, கள்ளிக்கட்டை ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'என்னை விட்டுவிட்டுப் போகிறாரே' என்று அழுதபடி பின்னால் வருகிறாள். அவன் கையில் ஒரு கத்தி. அது இருக்கும் வரை அவளால் அவனை நெருங்க முடியாது. ஊர்ப் பெரியவர்களான எழுபது வேளாளர்கள் பஞ்சாயத்துக்கு உட்காருகிறார்கள். 'இவள் என் மனைவி இல்லை, பேய்' என்று அவன் கதறுகிறான். அவள் அழுகிறாள். குழந்தையைக் கீழே விட்டுப் பார்க்கிறார்கள். அது நேராக அவன் மடியில் போய் ஏறிக்கொள்கிறது.

"அய்யோ" என்றாள்.

பெரியவர்களுக்கு ஐயம் தீர்ந்தது. இரவு இருவரும் ஓர் அறையில் தங்கட்டும், உனக்கு ஒன்று நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் கொடுக்கிறோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். அப்புறம், பெண்டாட்டியோடு தங்கப் போகிறவனுக்குக் கத்தி எதற்கு என்று அதை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில் சற்று நிறுத்திப் பாருங்கள். பேய் யார் என்று கேட்கிறவருக்குத் தெரியும். கத்தி எதற்கு என்று தெரியும். தெரியாதவர்கள் அந்த எழுபது பேர். அவர்களோ கெட்டவர்கள் இல்லை, ஊருக்கே நியாயம் சொல்லும் ஆட்கள். கதவு சாத்தப்படுகிறது. இரத்தம் காட்ட வேண்டாம், இசை வேண்டாம். அந்தக் கத்தி கைமாறும் காட்சி ஒன்று போதும். காலையில் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். எனக்குக் கதையிலேயே மிகக் கொடூரமாகப் படுவது அந்தக் கடைசிப் பகுதிதான், அதில் பேயே இல்லை.

மூடுபனி

மேலே போய்ச் சேர்ந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் ஏரி இருக்கும் திசையே தெரியாமல் போகும். காப்பித் தோட்டத்து ஓரமாக நடந்தோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். பனியில் தூரத்தில் இருக்கும் மரம் மனிதர் நிற்பது போலவே இருந்தது. எங்கேயோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது. வருகிறதா போகிறதா என்று புரியவில்லை.

இங்கே பலகை இல்லை, எண் இல்லை. நமக்கும் தெரியாது, பாத்திரத்துக்கும் தெரியாது. ஏதோ இருக்கிறது என்று மட்டும் தோன்றுகிறது. திகில் என்ற சொல்லை நான் இதற்குத்தான் வைத்துக்கொள்வேன். சுவரொட்டிகளில் எல்லாவற்றுக்கும் அதைப் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். திகில் நீடிக்க வேண்டுமானால் பனி விலகக் கூடாது. அதனால்தான் பேயை முழுசாகக் காட்டிய நிமிடமே பல படங்கள் படுத்துவிடுகின்றன. கிராபிக்ஸ் மோசம் என்று நாம் அதன் மேல் பழி போடுகிறோம். நல்ல கிராபிக்ஸ் ஆனாலும் நிலைமை அதேதான்.

இந்தப் பனியை இலக்கியத்தில் ஆராய்ந்தவர் த்ஸ்வெதான் தொதோரோவ். பல்கேரியாவில் பிறந்து பிரெஞ்சில் எழுதியவர். 1970-ல் அவர் வெளியிட்ட நூலின் சாரத்தைச் சுலபமாகச் சொன்னால் இப்படி வரும்: நம் உலகத்தில் விளக்க முடியாத ஒன்று நடக்கிறது. அது மனப்பிரமையா, நிஜமாகவே அமானுஷ்யமா? இந்தத் தயக்கம் நீடிக்கும் வரைதான் கதை அந்த விசித்திரமான இடத்தில் நிற்கும். 'எல்லாம் பிரமை' என்று தீர்ந்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். 'ஆமாம், பேய்தான்' என்று தீர்ந்தால் மறுபக்கம்.

'சந்திரமுகி'யை எடுத்துக்கொள்வோம். 1993-ல் மலையாளத்தில் வந்த கதை, தமிழில் 2005-ல் வந்தது. மூடிய அறை, நடனக்காரியின் ஓவியம், கொலுசுச் சத்தம் என்று முக்கால் படம் நம்மைத் தயக்கத்தில் வைத்திருக்கிறது. அப்புறம் மனநல மருத்துவர் வந்து, இது பேய் இல்லை, ஒருத்திக்குள் இன்னொருத்தி உருவாகிவிட்ட மனநோய் என்கிறார். சரி, பிரமைப் பக்கம் சாய்ந்தாயிற்று. ஆனால் குணப்படுத்த அந்த மருத்துவரே ஒரு மாந்திரீகச் சடங்கை நடத்திக்காட்ட வேண்டியிருக்கிறது. அறிவியல் வெல்கிறது, பூசாரியின் துணையோடு. அந்தச் சாமர்த்தியத்தால்தான் பேயை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் ஒரே தியேட்டரில் திருப்தியாக எழுந்து போனார்கள் என்பது என் கணிப்பு.

எந்தப் பக்கமும் சாயாத கதை வேண்டுமென்றால் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைப் படிக்கலாம். வீட்டுக்கு ஒரு வேலைக்காரி வருகிறாள், கதை சொல்கிறவருக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. அவ்வளவுதான் சொல்வேன். நடந்தது என்ன என்று கதை கடைசி வரை கையெழுத்துப் போட்டுத் தராது. எழுத்தில் ஒரு வசதி, அல்லது ஒரு தடை: காகிதத்தால் காதருகே கத்த முடியாது. திடுக்கிட வைக்கும் குறுக்குவழி இல்லாததால் எழுத்தாளர் திகிலைச் சொட்டுச் சொட்டாகத்தான் சேர்க்க வேண்டும். அதனால் இந்த வகைக்குள் புதிதாக நுழைகிறவர்களை நான் படத்துக்கு முன் கதைக்குத்தான் அனுப்புவேன். அக்கா மகள் ஒப்புக்கொள்ளவில்லை.

"அப்போ காமெடிப் பேய்ப் படம் எந்தக் கணக்குல வரும்?" என்று டீக்கடையில் கேட்டாள். அது இந்தக் காலத்துச் சீரழிவு என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பாள். கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் பசியோடு வந்து பிணங்களைக் கொண்டு கூழ் காய்ச்சுகின்றன, பந்தி வைத்துப் பரிமாறுகின்றன. படிக்கும்போது குமட்டலும் சிரிப்பும் சேர்ந்து வரும். அதைப் பாடிய சயங்கொண்டார் இந்தக் கலவையை 12-ஆம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டார். பயத்தில் இறுகிய உடம்பு தளரும்போது சிரிப்பு சுலபமாக வரும், இரண்டும் பக்கத்து வீடுகள். இன்றைய படங்களில் என் குறை வேறு. சிரிப்பு நடிகர் ஓடுவது மட்டுமே வேடிக்கை என்று நிறுத்திக்கொள்கிறார்கள். சயங்கொண்டாரின் பேய்களுக்கு விருந்து உபசாரம்கூடத் தெரியும்.

வீடு

ஒன்று பாக்கி. மனத்தை ஆராய்ந்த மருத்துவர் ஃப்ராய்ட் 1919-ல் எழுதிய ஒரு கட்டுரை 'உன்ஹைம்லிஷ்' என்ற ஜெர்மன் சொல்லைப் பற்றியது. 'ஹைம்' என்றால் வீடு. வீடு போன்ற பழக்கமான ஒன்று திடீரென்று அந்நியமாகத் தெரிவதன் கலக்கம். பாழடைந்த பங்களாவில் பயம் வருவது அதிசயம் இல்லை, அது பங்களாவின் வேலை. நம் வீட்டுக் குளியலறை, நம் அம்மாவின் குரல், நம் பாப்பா விளையாடும் பொம்மை: இவற்றில் ஏதோ ஒன்று கால் அங்குலம் நகர்ந்திருந்தால் வரும் கலக்கம்தான் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் கூடவே தங்கும். நல்ல பேய்ப்படக்காரர்கள் இதனால்தான் தொடக்க அரைமணி நேரத்தைச் சமையல், பள்ளிக்கூடம், சின்னச் சண்டை என்று 'வீணாக்குகிறார்கள்'. வீட்டை முதலில் நமக்குப் பழக்க வேண்டும், அப்போதுதான் நகர்த்த முடியும்.

இதை அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு வரவில்லை. அன்று இரவு கீழே இறங்கி வந்து, சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல லேப்டாப்பில் ஒரு படத்தைப் போட்டாள். எங்கள் தெருவில் விசைத்தறி இரவிலும் ஓடும். சடக் சடக் என்ற சத்தத்தில்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம், தூங்கினோம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். எங்களுக்கு அது காதிலேயே விழாது.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் தெரு முழுவதும் தறிகள் ஒரே நொடியில் நின்றன. அவள் படத்தை நிறுத்தினாள். திரையில் பேய் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றது, அதை அவள் பார்க்கக்கூட இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, "மாமா, என்னமோ மாதிரி இருக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த கால்களைக் கட்டிலின் மேலே இழுத்து வைத்துக்கொண்டாள்.